பாலூட்டும் அறையின் சாவி

ஆக்ராவில், யமுனைக் கரையில், உலகத்தின் பல பாகங்களிலிருந்தும் ஜனங்கள் வந்து பார்த்து வியந்து செல்லும் தாஜ்மஹாலின் வளாகத்துக்குள், 2019-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஒரு சிறிய அறை திறக்கப்பட்டது. கைக்குழந்தையோடு வரும் தாய்மார்கள் சற்றே உட்கார்ந்து பால் கொடுப்பதற்கென்று தொல்லியல் துறையார் ஒதுக்கிய அறை அது. நம் நாட்டின் புராதனச் சின்னங்களில் அப்படி ஓர் அறை அமைந்த முதல் இடம் அதுவே என்று அப்போது பத்திரிகைகள் எழுதின. அந்தச் சலவைக்கல் மாளிகையில் துயில்கொண்டிருக்கும் மும்தாஜ், 1631-இல் தம்முடைய 14-ஆவது குழந்தையைப் பெற்றெடுத்தபோது உயிர் நீத்தவர். பிரசவத்தில் இறந்துபோன ஒரு பெண்மணியின் ஞாபகமாக எழுப்பிய கட்டடத்தில், பிரசவித்து உயிரோடிருக்கும் பெண்கள் அமர்வதற்கு ஓர் இடம் கிடைக்க ஏறக்குறைய 4 நூற்றாண்டுகள் சென்றிருக்கின்றன. தாய்மையைப் போற்றிப் பாடுவதில் நம் தேசத்தார் யாருக்கும் சளைத்தவர்கள் அல்லர். தாய்க்கு ஒரு நாற்காலி போடுவதில்தான் தாமதம்.

கைக்குழந்தை கடிகாரத்துக்குக் கட்டுப்படாத ஜீவன். பிறந்த முதல் சில வாரங்களில் அது ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை வரையில் பால் குடிக்கும். அதன் இரைப்பையோ மிகச் சிறியது. தாய்ப்பாலோ வெகு சீக்கிரம் செரித்துவிடுவது. ஆகையால் இரண்டு மணிக்கு ஒரு தரம், மூன்று மணிக்கு ஒரு தரம் என்று அது கேட்டுக்கொண்டேதான் இருக்கும். மதுரையிலிருந்து சென்னைக்குப் பகல் நேரப் பஸ்ஸில் வரும் ஒரு தாய், வழியில் மூன்று நான்கு தடவையாவது பிள்ளையைப் பசியாற்றியாக வேண்டும். பிறந்து 6 மாதம் வரையில் தாய்ப்பாலைத் தவிர வேறொன்றும், தண்ணீர் கூட, கொடுக்க வேண்டியதில்லை என்றும், அதன் பிறகு மற்ற ஆகாரங்களோடு சேர்த்து 2 வயதுவரையில், முடிந்தால் அதற்கு மேலும், தாய்ப்பால் கொடுக்கலாம் என்றும் உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லுகிறது. இரண்டு வருஷ காலம் ஒரு பெண் வீட்டை விட்டு வெளியே வராமல் இருப்பாள் என்று யாரும் எதிர்பார்க்க முடியாது. தடுப்பூசி போடுவதற்கும், பிறந்த வீட்டுக்குப் போவதற்கும், ரேஷன் கடைக்கும், கல்யாணத்துக்கும், வேலைக்கும் அவள் வெளியே வந்தே தீருவாள். பிள்ளையும் கூடவே வரும். பசியும் கூடவே வரும்.

பால் கொடுப்பது குழந்தையின் பசியை மட்டும் பொறுத்த விஷயம் என்று ஆண்களில் பெரும்பாலோர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தாயின் தேகத்திலும் அதற்கு ஒரு முறை உண்டு. குழந்தை வாய் வைத்துச் சப்பும்போது அந்தச் செய்தி நரம்புகளின் வழியே மூளைக்குப் போகிறது. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து இரண்டு ஹார்மோன்கள் புறப்படுகின்றன. புரோலாக்டின் என்பது பாலை ஊறச் செய்கிறது, ஆக்ஸிடோசின் என்பது ஊறிய பாலை வெளியே தள்ளுகிறது. இந்த இரண்டாவது ஹார்மோன் விசித்திரமானது. குழந்தை சப்பவேண்டும் என்றுகூட அவசியமில்லை. அதன் அழுகுரல் காதில் விழுந்த மாத்திரத்திலேயே சில தாய்மார்களுக்குப் பால் சுரந்து ரவிக்கை நனைந்துவிடும். அதே சமயம், மனத்தில் பயமோ லஜ்ஜையோ பதற்றமோ புகுந்துவிட்டால், இருக்கிற பாலும் இறங்காமல் நின்றுவிடும். பஸ் நிலையத்துப் பெஞ்சியில் உட்கார்ந்து, எதிரே நிற்பவன் உற்றுப் பார்க்கிறானே என்று கூசிக் குறுகிப்போய், அவசர அவசரமாகக் கொடுக்க முயலும் பெண்ணுக்குப் பால் இறங்காததும், பிள்ளை வீறிட்டு அழுவதும், அந்த அழுகையைக் கேட்டுப் பத்துப் பேர் திரும்பிப் பார்ப்பதும், அதனால் அவள் மேலும் கூசுவதும் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கின்றன. அந்நியனுடைய பார்வை வெறும் மரியாதைக் குறைவு மட்டுமல்ல. தேக தர்மத்துக்கே அது இடையூறு.

கொடுக்காமல் விட்டாலோ, மார்பில் பால் கட்டிக்கொண்டு வலி எடுக்கும். கட்டியது கரையாவிட்டால் வீங்கிச் சிவந்து குளிர் ஜுரம் கூட வரும். அடிக்கடி இப்படியே நேர்ந்தால், எடுக்கப்படாத பால் இனித் தேவையில்லை என்று உடம்பு தீர்மானித்துக்கொண்டு சுரப்பையே குறைத்துவிடும். வீட்டிலேயே பாலைப் பீய்ச்சி எடுத்துப் பாத்திரத்தில் கொண்டு போகலாமே என்று சிலர் யோசனை சொல்வார்கள். பீய்ச்சிய பால் 25 டிகிரி வெப்பத்துக்குள் இருந்தால் 4 மணி நேரம் வரை கெடாது என்று வைத்தியர்கள் கணக்குச் சொல்கிறார்கள். சித்திரை மாதத்து வேலூரிலும் திருச்சியிலும் 25 டிகிரியை எங்கே போய்த் தேடுவது என்று அவர்கள் சொல்லவில்லை.

ஆகவே, வெளியே போகும்போது சங்கடம் வேண்டாம் என்று புட்டியும் பால் பவுடர் டப்பாவும் கைப்பையில் ஏறுகின்றன. கழுவச் சுத்தமான நீர் இல்லாத இடத்தில் அந்தப் புட்டியால் வரும் வயிற்றுப்போக்கைப் பற்றி இங்கே விவரிக்க வேண்டியதில்லை. 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான பால் பவுடரையும் புட்டியையும் விளம்பரம் செய்யக்கூடாது என்று நம் நாட்டில் 1992-ஆம் வருஷத்திலேயே சட்டம் வந்து, 2003-இல் அது மேலும் இறுக்கப்பட்டது. நல்ல சட்டம்தான். ஆனால், எந்த விளம்பரமும் இல்லாமலே அந்த டப்பாவுக்கு விற்பனை தேடிக் கொடுக்கும் காரியத்தை, உட்கார்ந்து பால் கொடுக்க இடம் இல்லாத கடைத்தெருவும் பஸ் நிலையமும் செய்துகொண்டிருக்கின்றன. 2019 முதல் 2021 வரை எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கின்படி, 6 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டுமே குடிப்பவை இந்தியா முழுவதிலும் நூற்றுக்குச் சுமார் 64. பிரசவங்களில் ஏறக்குறைய எல்லாமே ஆஸ்பத்திரியில் நடக்கும் தமிழ்நாட்டிலோ நூற்றுக்குச் சுமார் 55. இந்த வித்தியாசத்துக்குப் பல காரணங்கள் இருக்கலாம். எல்லாவற்றையும் இடவசதியின் தலையில் சுமத்துவது நியாயமாகாது. என்றாலும், ஆஸ்பத்திரியில் நர்ஸும் டாக்டரும் சொல்லி அனுப்பிய போதனையை, ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டியதும் கடைப்பிடிக்க முடியாமல் போகிறது என்றால், போதனையில் குறையா, வாசலுக்கு வெளியே உள்ள உலகத்தில் குறையா என்று யோசிக்க வேண்டியதுதான்.

முன் காலத்தில் எந்த அறை இருந்தது, நம் பாட்டிமார்கள் பால் கொடுக்கவில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. கொடுத்தார்கள். வயலில் நடவு நட்டுக்கொண்டிருந்தவள், வரப்போரத்து மரத்தில் தூளி கட்டியிருந்த பிள்ளை சிணுங்கினால் கரையேறி வந்து, மரத்தடியில் உட்கார்ந்து எல்லாருடைய கண்ணெதிரேயே கொடுத்தாள். அதை விசேஷமாகப் பார்ப்பதற்கு அங்கே யாரும் இல்லை. கோயில் பிராகாரத்திலும், திண்ணையிலும், மாட்டு வண்டியிலும் கொடுத்தாள். அவள் கட்டியிருந்த சேலையின் முந்தானையே, எங்கே போனாலும் கூடவே வரும் அறையாக இருந்தது; ஒரு வீச்சில் தோளைச் சுற்றி இழுத்துவிட்டால் உள்ளே குழந்தைக்கு நிழலும் கிடைக்கும், தாய்க்கு மறைவும் கிடைக்கும். இன்றைக்குப் பிரயாணம் செய்யும் இளந்தாய்மார்களில் பெரும்பாலோர் உடுத்துவது சுடிதார். துப்பட்டா முந்தானை ஆகாது. பக்கத்தில் ஜிப் வைத்துத் தைத்த பாலூட்டும் உடுப்புகள் இப்போது கடைகளில் வந்திருக்கின்றன என்பது உண்மையே. ஆனால் மாறியது உடை மட்டுமல்ல. மரத்தடியில் இருந்தவர்கள் தெரிந்தவர்கள். பஸ் நிலையத்தில் இருப்பவர்கள் அந்நியர்கள். போதாததற்கு, அந்நியன் ஒவ்வொருவனுடைய சட்டைப் பையிலும் ஒரு காமிரா இருக்கிறது. பாட்டிக்கு இல்லாத பயம் பேத்திக்கு வந்திருப்பதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

தமிழ்நாட்டைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லித்தான் மேலே போகவேண்டும். தாஜ்மஹாலுக்கு 4 வருஷங்களுக்கு முன்பாகவே, 2015-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், உலகத் தாய்ப்பால் வாரத்தை ஒட்டி, அப்போதைய முதலமைச்சர் ஜெயலலிதா மாநிலம் நெடுகிலும் 350-க்கு மேற்பட்ட பஸ் நிலையங்களில் பாலூட்டும் தாய்மார்களுக்கான தனி அறைகளைத் திறந்து வைத்தார். அரசு ஆஸ்பத்திரிகளில் தாய்ப்பால் வங்கிகளும் அதே சமயத்தில் ஆரம்பிக்கப்பட்டன. தாய்ப்பால் வாரம் என்பது, 1990 ஆகஸ்டு 1-ஆம் தேதி இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகரத்தில் பல அரசாங்கங்கள் கூடிச் செய்த ஒரு பிரகடனத்தின் ஞாபகமாக, 1992 முதல் வருஷந்தோறும் ஆகஸ்டு முதல் வாரத்தில் கொண்டாடப்படுவது. மற்ற இடங்களில் கோஷமும் சுவரொட்டியுமாகக் கழிந்த வாரத்தை, இங்கே செங்கல்லும் சிமெண்டுமாக மாற்றினார்கள். பஸ்ஸில் போகிறவர்கள் ஏழை எளியவர்கள், அவர்களுக்குத்தான் இது முதலில் வேண்டும் என்று தேர்ந்தெடுத்ததில் உள்ள விவேகத்தையும் மெச்சத்தான் வேண்டும். விமான நிலையத்தில் ஆரம்பித்திருந்தால் பத்திரிகையில் படம் அழகாக வந்திருக்கும்.

அறை கட்டியாயிற்று. பிறகு என்ன ஆயிற்று என்பதைத் தென்மாவட்டத்து ஊர் ஒன்றின் பஸ் நிலையத்தில் ஒரு தடவை பார்க்க நேர்ந்தது. கட்டணக் கழிப்பறைக்குப் பக்கத்தில், நிலையத்தின் கடைக்கோடியில், தாயும் சேயுமாகப் படம் எழுதிய பலகையோடு அந்த அறை இருந்தது. அலுமினியக் கதவில் ஒரு பூட்டும் இருந்தது. கதவின் மேல்பாகத்துக் கண்ணாடி வழியாகப் பார்த்தால், உள்ளே இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளின்மேல் துடைப்பக் கட்டுகளும், பினாயில் கேன்களும், சுருட்டி வைத்த ஒரு பேனரும் தெரிந்தன. மூன்று மாதம் இருக்கலாம், அப்படி ஒரு பிள்ளையை ஏந்திக்கொண்டு ஓர் இளம்பெண்ணும், அவளுடைய மாமியாரும் கதவண்டை நின்றார்கள். மாமியார் போய் டைம் கீப்பரிடம் கேட்டாள். "சாவி நம்மகிட்ட இல்லைம்மா, நகராட்சி ஆபீஸ்ல இருக்கும். திறந்து வெச்சா கண்டவனெல்லாம் உள்ளே படுத்துக்கிறான், அதான் பூட்டிட்டாங்க" என்றார் அவர், பேரேட்டிலிருந்து தலையைத் தூக்காமலே. கடுமையாக ஒன்றும் சொல்லவில்லை, நிலைமையைச் சொன்னார். கிழவி திரும்பி வந்து, "நீ இப்படிச் சுவரைப் பாத்து உக்காரு தாயி, நான் மறைச்சுக்கிறேன்" என்று சொல்லி, பையிலிருந்த ஒரு துண்டை உதறி இரண்டு கைகளாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். அரசாங்கம் கட்டிய அறையின் வாசலிலேயே, அந்த அறை செய்யவேண்டிய வேலையை ஒரு துண்டு செய்தது.

டைம் கீப்பர் சொன்ன காரணம் பொய்யல்ல என்பதுதான் இதில் சிரமமான விஷயம். திறந்து கிடக்கும் எந்த அறையிலும் குடித்தவன் வந்து படுப்பான். மின்விசிறியின் ரெகுலேட்டரைக் கழற்றிக்கொண்டு போவான். அதற்குப் பரிகாரம் பூட்டு என்றால், அறை இருந்தும் இல்லாததுதான். அடுத்த கதவான கட்டணக் கழிப்பறையின் வாசலிலோ இரவும் பகலும் ஒருவர் மேஜை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். காசு விழுகிற இடத்துக்கு ஆள் உண்டு, காசு விழாத இடத்துக்குப் பூட்டுத்தான் என்பது எழுதாத விதி போலும். அந்த ஆளையே இதையும் கவனிக்கச் சொல்லி ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தால் என்ன? அல்லது, நாள் முழுவதும் அங்கேயே இருக்கும் பூக்காரியிடமோ, பக்கத்துக் கடையை நடத்தும் மகளிர் சுய உதவிக் குழுவிடமோ பொறுப்பை ஒப்படைத்து மாதம் ஒரு சிறு தொகை கொடுத்தால் என்ன? வெளியே பூட்டு, உள்ளே ஒன்றுமில்லை என்று இருப்பதை மாற்றி, வெளியே ஒரு பெண்ணின் கண்காணிப்பு, உள்ளே உறுதியான ஒரு தாழ்ப்பாள் என்று வைத்துவிட்டால் விஷயம் முடிந்தது.

எல்லா ஊரிலும் இதே கதி என்று சொல்லிவிடக் கூடாது. சுத்தமாகப் பெருக்கி, விசிறி சுழன்று, தாய்மார்கள் வந்து போய்க்கொண்டிருக்கும் அறைகளும் இருக்கின்றன. ஆனாலும், அறையை அமைப்பவர்கள் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு தடவையாவது அதற்குள் உட்கார்ந்து பார்த்திருக்க மாட்டார்கள் என்பது பல இடங்களில் தெரிகிறது. முதுகும் கையும் சாய்த்துக்கொள்ளக்கூடிய நாற்காலி வேண்டும். முக்காலி போதாது, ஏனெனில் கால் மணி, அரை மணி நேரம் பிள்ளையின் பாரத்தைக் கை தாங்க வேண்டியிருக்கிறது. கை கழுவக் குழாய் வேண்டும். பையை மாட்ட ஓர் ஆணி வேண்டும். பையைத் தரையில் வைத்துவிட்டுப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தால் பை போய்விடும். ஈரத் துணி மாற்ற ஒரு மேடை வேண்டும். எல்லாவற்றையும்விட, அந்த அறை பஸ்கள் நிற்கும் இடத்துக்கு அருகில் இருக்கவேண்டும். கடைக்கோடியில் வைத்தால், டிரைவர் ஹாரன் அடிப்பதும், கண்டக்டர் ஊர்ப்பெயரைக் கூவுவதும் காதில் விழாது; வண்டி போய்விடுமோ என்ற பதைப்போடு உட்கார்ந்திருப்பவளுக்குப் பால் எப்படி இறங்கும்?

இந்த மாதிரி வசதிகளெல்லாம் மேல்நாட்டு நாகரிகம், நமக்கு எதற்கு என்று ஓர் அபிப்பிராயம் இருக்கிறது. அப்படி நினைப்பவர்கள் நம் கிராமத்துச் சாலையோரங்களை ஒரு தரம் நினைவுக்குக் கொண்டுவர வேண்டும். இரண்டு கல்லை நட்டு அதன்மேல் ஒரு கல்லைக் குறுக்கே போட்ட சுமைதாங்கிகள், கருவைச் சுமந்தபடியே பிரசவத்தில் மரித்துப்போன பெண்களின் ஞாபகமாக அவர்களுடைய குடும்பத்தார் நிறுத்தியவை. இறக்கி வைக்க முடியாத சுமையோடு போனவளின் பேரால், வழிப்போக்கர்களின் சுமைக்கு ஓர் இடம் செய்து வைத்தார்கள். தஞ்சாவூர் மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி, தம் முன்னோர் ஏற்படுத்திய சத்திரங்களின் தர்மங்களை விவரித்து 1801-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் ரெஸிடெண்டுக்கு எழுதிய கடிதத்தில், வழிப்பிரயாணத்தில் வரும் கர்ப்பிணிகள் சத்திரத்தில் பராமரிக்கப்படுவதையும், அங்கேயே பிரசவம் நேர்ந்தால் செலவும் மருந்தும் சத்திரத்தைச் சேர்ந்தவையே என்பதையும், பிரசவித்த பிறகு 3 மாதம் வரையில் அவர்கள் அங்கே தங்கலாம் என்பதையும் எடுத்துச் சொல்லியிருக்கிறார். 3 மாதம் தங்க இடம் கொடுத்த தேசத்தில் அரை மணி நேரம் உட்கார இடம் கேட்பதை அந்நிய வழக்கம் என்று சொல்லுவது விந்தைதான்.

இனிக் கடைகளுக்கு வருவோம். முகூர்த்தப் புடவை எடுக்கப் புறப்படும் குடும்பம் என்றால், பாட்டி முதல் பேரப்பிள்ளை வரையில் பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். ஜவுளிக்கடையில் பாதி நாள் கழியும். ஆடித் தள்ளுபடியிலும் தீபாவளியிலும் தியாகராய நகரில் ரங்கநாதன் தெருவுக்குள் பிள்ளையோடு நுழைந்தவள், வெளியே வந்து பால் கொடுக்கலாம் என்று நினைப்பதற்கே இல்லை. கடைக்குள் அவளுக்குக் காட்டப்படும் இடம் பெரும்பாலும் உடை மாற்றிப் பார்க்கும் டிரையல் ரூம். மூன்றடிச் சதுரம், உட்கார ஒன்றும் கிடையாது, வெளியே நாலு பேர் கதவைத் தட்டிக்கொண்டிருப்பார்கள். அதுவும் இல்லையென்றால் கழிப்பறை. 2018-இல் கொல்கத்தாவில் பெரிய வணிக வளாகம் ஒன்றில், பால் கொடுக்க இடம் கேட்ட தாயைக் கழிப்பறைக்குப் போகச் சொன்னதும், அதைப் பற்றிக் குறை சொன்னவளுக்கு, இம்மாதிரி வேலைகளை வீட்டிலேயே முடித்துக்கொண்டு வரவேண்டும் என்ற தோரணையில் அவர்கள் பதில் எழுதியதும், பெரிய கண்டனத்தைக் கிளப்பின. கழிப்பறையில் உட்கார்ந்து சாப்பிட நம்மில் யாராவது சம்மதிப்போமா? சிசு சாப்பிடுவதும் சாப்பாடுதான்.

வியாபாரிகள் லாபக் கணக்கில் கெட்டிக்காரர்கள். இந்தக் கணக்கு மட்டும் அவர்களுக்கு ஏன் தெரியாமல் போயிற்று என்பது புரியவில்லை. குழந்தை வீறிட்டால் ஒரு தாய் மட்டும் கடையை விட்டுப் போவதில்லை. பன்னிரண்டு பேரும், எடுக்காத புடவையும் போகிறார்கள். சில பெரிய கடைகளில் அறை ஒதுக்கியிருக்கிறார்கள். சிறிய கடைக்கு அறையெல்லாம் அவசியமே இல்லை. ஸ்டாக் அடுக்கியிருக்கும் பின்கட்டில் ஒரு நாற்காலியும், ஒரு திரைத்துணியும், ஒரு மேஜை விசிறியும் போதும். அதற்கு முன்னால், "வாங்கம்மா, உள்ளே உட்கார்ந்து குடுங்க" என்று சொல்லுகிற ஒரு முகம் வேண்டும். அப்படிச் சொல்லுகிறவர்கள், பெரும்பாலும் முதலாளிகள் அல்லர். கவுண்டருக்குப் பின்னால் நிற்கும் விற்பனைப் பெண்கள்.

அந்தப் பெண்களும் தாய்மார்களே என்பதை நாம் நினைப்பதில்லை. 1961-ஆம் ஆண்டுப் பேறுகாலச் சட்டம், பத்துப் பேரோ அதற்கு மேற்பட்டவர்களோ வேலை செய்யும் கடைகளுக்கும் பொருந்தியது. பேறுகாலம் முடிந்து வேலைக்குத் திரும்பியவளுக்கு, பிள்ளைக்கு 15 மாதம் ஆகும்வரையில், வழக்கமான ஓய்வு நேரம் போக, பாலூட்ட ஒரு நாளைக்கு இரண்டு இடைவேளைகள் தரவேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. 2017-இல் வந்த திருத்தம் விடுமுறையை 26 வாரமாக உயர்த்தியதோடு, 50 பேரோ அதற்கு மேற்பட்டவர்களோ வேலை செய்யும் ஸ்தாபனத்தில் குழந்தைக் காப்பகம் இருக்கவேண்டும் என்றும், தாய் ஒரு நாளைக்கு நான்கு தடவை அங்கே போய் வரலாம் என்றும் விதித்தது. காகிதத்தில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் கடை ஊழியர்கள் வேலை நேரத்தில் உட்காருவதற்கு ஆசனம் போடவேண்டும் என்று தமிழ்நாட்டில் தனியே ஒரு சட்டத் திருத்தம் 2021-இல்தான் வந்தது. உட்காருவதற்கே சட்டம் தேவைப்பட்ட இடத்தில், இரண்டு இடைவேளை கேட்கும் துணிச்சல் எத்தனை பேருக்கு இருந்திருக்கும்?

பிற தேசங்களில் இந்த விஷயத்தை இரண்டு விதமாக அணுகியிருக்கிறார்கள். ஸ்காட்லாந்தில் 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பொது இடத்தில் 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குப் பால் கொடுப்பதை யாராவது தடுத்தால் அது குற்றம். பிரிட்டனின் 2010-ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டப்படி, பால் கொடுக்கிறாள் என்பதற்காக ஒரு கடைக்காரரோ ஹோட்டல்காரரோ ஒரு பெண்ணை வெளியே போகச் சொல்லக்கூடாது. அறை கட்டு என்று இவை சொல்லவில்லை. அவளைத் தொந்தரவு செய்யாதே என்று சொல்லுகின்றன. தைவானில் அதே 2010-இல் செய்த சட்டமோ இரண்டையும் சேர்த்துச் சொல்லுகிறது: பொது இடத்தில் கொடுப்பதை யாரும் தடுக்கலாகாது, அதோடு, ரயில் நிலையம், விமான நிலையம், அரசு அலுவலகம், 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பெரிய கடைகள் ஆகியவை பாலூட்டும் அறையும் வைத்தாக வேண்டும். என் அபிப்பிராயத்தில் தைவான்காரர்கள் செய்ததே சரியான வரிசை. முதலில் உரிமை, பிறகு அறை.

வரிசை மாறிப்போனால் என்ன கெடுதல் என்றால், அறை கட்டி முடித்த மறுநாளே, "அதுதான் அறை கட்டியிருக்கிறதே, வெளியே என்ன?" என்று அதிகாரம் செய்ய ஒருவர் கிளம்பிவிடுவார். ஒதுங்க விரும்புகிறவளுக்குச் சௌகரியமாக ஏற்பட்ட இடம், ஒதுங்கித்தான் ஆகவேண்டும் என்ற கட்டளையாக மாறிவிடும். கேரளத்தில் 2018-இல் 'கிருஹலட்சுமி' என்ற மலையாளப் பத்திரிகை, உற்றுப் பார்க்காதீர்கள், எங்களுக்குப் பால் கொடுக்க வேண்டியிருக்கிறது என்ற பொருள்பட ஓர் இயக்கம் தொடங்கி, பாலூட்டும் பெண்ணின் படத்தை அட்டையில் போட்டபோது, அது ஆபாசம் என்று வழக்குப் போட்டார்கள். ஆபாசம் எதுவும் இல்லையென்று அந்த மாநில உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. படத்தில் இருந்த நடிகை உண்மையில் தாயல்ல என்பதால் அந்த அட்டைப்படம் எனக்கு அவ்வளவாக ரசிக்கவில்லை. அதற்காக வழக்குப் போட்டவர்களின் பக்கம் நியாயம் வந்துவிடாது. சீர்காழியில் பசித்து அழுத பிள்ளைக்கு உமையம்மை பால் அளித்தது, அனைவரும் வந்து போகும் கோயில் குளக்கரையில்தான். அந்தத் திருமுலைப்பால் உற்சவத்தை ஆண்டுதோறும் சித்திரையில் கொண்டாடிவிட்டு, வீடு திரும்பும் வழியில் பஸ் நிலையத்தில் பால் கொடுப்பவளைப் பார்த்து முகம் சுளிப்பது பக்தியாகாது.

நம் நீதிமன்றங்கள் இந்த விஷயத்தில் சற்று வேகமாகவே நடந்துவந்திருக்கின்றன. 2018-இல் டெல்லி உயர்நீதிமன்றத்தில், 9 மாதக் குழந்தை ஒன்றின் பெயரிலேயே, பொது இடங்களில் பாலூட்டும் வசதி வேண்டுமென்று மனுப் போடப்பட்டது. பசித்தவரே வழக்காடிய அபூர்வமான வழக்கு அது. 2021-இல் கர்நாடக உயர்நீதிமன்றம், பால் கொடுப்பது ஒரு தாயிடமிருந்து பிரிக்க முடியாத உரிமை என்றும், அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவு அதைப் பாதுகாக்கிறது என்றும் கூறியது. 2025 பிப்ரவரி 19-ஆம் தேதி, நீதிபதிகள் நாகரத்னாவும் வராலேயும் அடங்கிய உச்சநீதிமன்ற அமர்வு, பொது இடங்களில் இந்த வசதியைச் செய்து தரும்படி மத்திய அரசு முந்தைய ஆண்டு மாநிலங்களுக்கு அனுப்பிய அறிவுரையை நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும் என்றும், இனிமேல் கட்டத் திட்டமிடும் பொதுக் கட்டடங்களில் இதற்கென்று இடம் ஒதுக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. அந்தத் தீர்ப்பில் நம்மைப் பற்றியும் சொல்லியிருக்கிறது: பெண்களின் கண்ணியத்துக்கு இழுக்கான வழக்கங்களைக் கைவிடுவது பிரஜைகளின் கடமை என்று சாசனத்தில் இருப்பதை ஞாபகப்படுத்தி, பொது இடத்திலும் வேலை இடத்திலும் பால் கொடுப்பதை யாரும் இழிவாகக் கருதலாகாது என்று நீதிபதிகள் எழுதியிருக்கிறார்கள்.

உச்சநீதிமன்றம் உத்தரவு போடலாம். நகராட்சி ஆபீஸில் ஆணியில் தொங்கும் சாவியை எடுத்துக்கொண்டுவந்து கதவைத் திறக்க அதனால் முடியாது. அதற்கு உள்ளூர்க்காரர்கள் வேண்டும். அடுத்த தரம் உங்கள் ஊர்ப் பஸ் நிலையத்துக்குப் போகும்போது, அந்த அறை எந்த மூலையில் இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடித்து, திறந்திருக்கிறதா என்று பாருங்கள். பூட்டியிருந்தால் சாவி யாரிடம் என்று கேளுங்கள். அவரைக் கேள், இவரைக் கேள் என்று பதில் வந்தால், நகராட்சி ஆணையருக்கு ஒரு மனு எழுதுங்கள், அல்லது முதலமைச்சரின் 1100 உதவி எண்ணைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். நீங்கள் வழக்கமாகத் துணி எடுக்கும் கடை முதலாளியிடம் பணம் கட்டும்போது இதைப் பற்றி ஒரு வார்த்தை போடுங்கள். குறிப்பாக, ஆண்கள் இதைச் செய்யவேண்டும். கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குக் காத்திருப்பவளுக்கு மனு எழுத நேரம் இருக்காது.